பின்கதவுக் கணக்கு

பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் நான்கு ஆண்டுகள் கடையின் பின்பக்கம், சரக்கு இறங்கும் இடத்தில். மீதி ஏழு ஆண்டுகள் தலைமை அலுவலகத்தில், சி.எஸ்.ஆர் பிரிவில், அதாவது நிறுவனத்தின் சமூகப் பொறுப்பைக் கவனிக்கும் பிரிவில். இரும்பு முனை வைத்த ஷூவைக் கழற்றிவிட்டு மாடிக்குப் போனபோது, இனி நல்ல காரியம் மட்டும்தான் செய்யப்போகிறோம் என்று உண்மையாகவே நம்பினேன்.

சி.எஸ்.ஆர் என்றதும் வெளியில் இருப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது மரக்கன்று, ரத்த தான முகாம், ஆளுயரக் காசோலை. எல்லாம் செய்திருக்கிறேன். ஆளுயரக் காசோலை லிஃப்டுக்குள் நுழையாது என்பது அதைத் தூக்கிக்கொண்டு படியேறியவனுக்குத்தான் தெரியும். இவற்றில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கேமரா வராத இடங்களில்தான் அந்தப் பிரிவின் நிஜமான வேலை கிடக்கிறது என்று புரிய எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. புரிய வைத்தவர் ஒரு வேன் டிரைவர்.

விற்காத உணவை ஒரு தொண்டு அமைப்புக்குக் கொடுத்துவந்தோம். ஆண்டறிக்கையில் அதற்கென்றே ஒரு முழுப்பக்கம், பெரிய எழுத்தில் டன் கணக்கு. ஒருநாள் இரவு, கடை மூடும் நேரத்தில், புகைப்படக்காரருக்கு இடம் பார்க்கப் பின்கதவுக்குப் போயிருந்தேன். அமைப்பின் வண்டி வந்து நின்றது. டிரைவர் டார்ச் அடித்து ஒவ்வொரு க்ரேட்டாகப் பார்த்தார். நசுங்கிய ரொட்டி, அன்றே கெடு முடிகிற தயிர், தண்ணீர் விட்டுப்போன கீரை. பாதியை ஒதுக்கி வைத்தவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, உங்க கடைக் குப்பையைக் கொட்ட நாங்க டீசல் போடணுமா?”

அதற்குள் கடைப் பையன் எல்லா க்ரேட்டையும் எடை போட்டு எழுதி முடித்திருந்தான். ஒதுக்கியதும் சேர்த்துத்தான். எங்கள் கதவு வரை வந்த எடைதான் நன்கொடை. யார் வயிற்றுக்குப் போனது என்பதற்கு எக்செல்லில் பத்தியே இல்லை. அந்தப் படிவத்தை வடிவமைத்ததே நான்தான். அதோடு, குப்பை அள்ளும் நிறுவனத்துக்கு எடைக்கு ஏற்பக் காசு கொடுக்கிறோம். தொண்டு வண்டியில் ஏற்றிவிட்டால் அந்தச் செலவும் மிச்சம். ஏற்றிய பிறகு அங்கே தூக்கிப் போடுகிற செலவு அவர்கள் தலையில்.

பிரான்சில் 2016-இல் வந்த சட்டம், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டாக வேண்டும், உண்ணத்தக்க உணவை வேண்டுமென்றே கெடுக்கக்கூடாது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் க்ரேட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை அந்தப் பின்கதவில் நிற்கிற ஆள்தான் தீர்மானிக்கிறான்.

அதனால் அங்கிருந்தே தொடங்கினோம். இரவில் மிஞ்சியதைக் கொடுப்பதற்குப் பதிலாக, இரண்டு நாள் கெடு இருக்கும்போதே காலையில் பிரித்து வைக்கச் சொன்னோம். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்புக் கெடு, ‘இந்தத் தேதிக்குள் சிறந்தது’ என்பது தரம் பற்றிய குறிப்பு மட்டும் என்று கடை ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அதுவரை இரண்டையும் ஒன்றாகவே பார்த்து, நன்றாக இருக்கிற பிஸ்கட்டைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் டிரைவர் ஒதுக்கிய எடையைக் கழித்தே எழுத வேண்டும் என்று படிவத்தை மாற்றினேன். அந்தக் காலாண்டில் எண் விழுந்தது. எனக்கு நல்ல திட்டும் விழுந்தது.

இன்னொன்று, யாரும் படம் எடுக்காத விஷயம்: குளிர்பெட்டிகளைக் குளிர வைக்கிற கேஸ். பராமரிப்பு பில்களைப் புரட்டியபோது ஒரே கடைக்கு மாதாமாதம் கேஸ் நிரப்பியிருப்பது தெரிந்தது. டெக்னீஷியனைக் கேட்டேன். “பழைய லைன் சார். லீக்கைத் தேட ஒருநாள் பெட்டியெல்லாம் காலி பண்ணணும். மேனேஜர் விடமாட்டார். நான் நிரப்பிட்டுப் போயிடுவேன்.” அந்தக் கேஸ் ஆர்-404ஏ. ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுகளில் அது பூமியைச் சூடாக்குவதைக் கணக்கிட்டால், கிட்டத்தட்ட 3,900 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே விட்டதற்குச் சமம். பத்துக் கிலோ என்றால் 39 டன். இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதாக 2016-இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. எங்கள் பில்லில் அது ‘பழுதுபார்ப்பு’ என்ற தலைப்பில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. பில்லைப் பார்த்த அதே வாரம் நாங்கள் மரக்கன்று விழாவுக்குத் தொப்பி அச்சடித்துக்கொண்டிருந்தோம்.

கடையை ஒருநாள் மூடி லீக்கை அடைத்தார்கள். அந்த ஒரு நாள் விற்பனை இழப்பை யார் கணக்கில் எழுதுவது என்பதற்கு மட்டும் ஏழு மின்னஞ்சல்.

இவையெல்லாம் எங்கள் கட்டடத்துக்குள் இருப்பவை, எப்படியாவது முடிந்துவிடும். கஷ்டம் கொள்முதல் பிரிவில். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்து, கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன; தைப்பவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அங்கே இருந்த சில தொழிற்சாலைகளில் அதற்கு முன்பே ஆடிட் நடந்திருந்தது. அதன்பின் பல நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எங்களிடமும் சப்ளையர் நடத்தை விதி, ஆடிட், மதிப்பெண் எல்லாம் உண்டு.

ஒரு சப்ளையர் மூன்று வாரம் தொடர்ந்து விதிமீறி ஓவர்டைம் வாங்கியதாக ஆடிட் அறிக்கை வந்தது. எச்சரிக்கைக் கடிதம் தயார் செய்யும்போது, ஏனோ அந்த மூன்று வாரத்து மின்னஞ்சல்களையும் எடுத்துப் பார்த்தேன். ஆர்டர் போட்ட பிறகு எங்கள் ஆட்கள் நிறத்தை மாற்றியிருந்தார்கள், இரண்டு தடவை. டெலிவரி தேதியை மட்டும் மாற்றவில்லை. அறிக்கையையும் மின்னஞ்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஆர்டரைக் கவனித்த கொள்முதல் பிரிவுப் பெண் அதிகாரியிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. “சார், என் இன்க்ரிமென்ட் மார்ஜின்ல இருக்கு. உங்களோடது மரத்துல இருக்கு. நான் என்ன பண்றது?” என்றார்.

பதில் இல்லை. இன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆர்டர் உறுதியான பின் மாற்றம் செய்தால் தேதியும் தானாகத் தள்ளிப்போகும் என்ற விதியைக் கொண்டுவர இரண்டு ஆண்டுகள் போராடினோம். கிடைத்தது ஒரே ஒரு பொருள் வகையில்.

இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. வழக்கமான தொழில் நடவடிக்கைகள் அந்தக் கணக்கில் சேராது. தங்கள் தொழில் செலவையே நன்கொடையாகக் காட்டிவிடக்கூடாதே என்பதற்கான விலக்கு, நியாயமானதுதான். ஆனால் பல அலுவலகங்களில் அது வேறு மாதிரி மனதில் பதிந்திருக்கிறது: லாபம் எப்படி வந்தது என்பது ஒரு துறை, வந்த லாபத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது இன்னொரு துறை. மேஜை வேறு, மாடி வேறு.

நான் கிளம்புவதற்கு முந்தைய ஆண்டு, ஆர்டர் கணிப்பு முறையை மாற்றினார்கள். கடைகளுக்கு வரும் சரக்கே குறைந்தது, அதனால் மிஞ்சுவதும் குறைந்தது. சில்லறை விற்பனையிலும் வீடுகளிலும் உணவு விரயத்தை 2030-க்குள் பாதியாக்க வேண்டும் என்ற ஐ.நா. இலக்கைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். அதை நோக்கி நிஜமாக ஒரு அடி வைத்தது அப்போதுதான். வேடிக்கை என்னவென்றால் நன்கொடை எண் மறுபடியும் விழுந்தது. அறிக்கைக் கூட்டத்தில் மேலதிகாரி கேட்டார்: “போன வருஷத்தைவிடக் கம்மியா போடுறோமே, படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?” விளக்கம் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். பக்கம் போதவில்லை என்று அச்சில் அதை எடுத்துவிட்டார்கள்.

கடைசி வாரத்தில் ஒருநாள் காலை பழைய கடையின் பின்கதவுக்குப் போனேன். அதே டிரைவர். க்ரேட்டுகளை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். டார்ச் எடுக்கவில்லை.

“பாதி வண்டிதானா அண்ணே?”

“பாதிதான் தம்பி. ஆனா முழுசும் இறங்கும்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.