மாலை 5 மணிக்கு மேல் பிரஷர் பார்க்கப்படும்

சென்னையில் வாடகை வீடு தேடிப் போகிற இடத்தில் "நான் ஸ்டாஃப் நர்ஸ்" என்று சொன்னால் ஹவுஸ் ஓனர் முகத்தில் ஒரு மரியாதை வரும். அடுத்த கேள்வி வரைக்கும்தான் அது நிற்கும். "நைட் டூட்டி எல்லாம் இருக்குமாம்மா?"

ஐ.சி.யூ.வில் நைட் டூட்டி இல்லாத நர்ஸை நான் இன்னும் சந்தித்ததில்லை. ஆனால் ஓனர்களுக்குப் புரியாத ஒன்று உண்டு. நைட் டூட்டிக்காரி சாயங்காலமே கிளம்பிப் போனால் மறுநாள் காலையில்தான் திரும்புவாள். ராத்திரி 10 மணிக்குப் பூட்டுகிற கேட்டுக்கும் அவளுக்கும் ஒரு தகராறும் கிடையாது. தகராறே மதிய ஷிஃப்டில்தான். 8 மணிக்கு முடியும் என்று ரோஸ்டரில் போட்டிருக்கும். கடைசி நேரத்தில் வந்த அட்மிஷனைப் பார்த்து, ஹேண்ட் ஓவர் கொடுத்து, மெட்ரோ பிடித்து வீடு சேரும்போது கேட்டில் பூட்டு தொங்கும். இதை விளக்கமாக ஓனரிடம் சொல்லலாம் என்றேன். "நைட் டூட்டிய மட்டும்தான் அவருக்குப் பிடிக்கல. நீ விளக்கினா மதிய ஷிஃப்டும் பிடிக்காமப் போயிரும்" என்று என் கணவர் வாயை அடைத்துவிட்டார்.

ஆதம்பாக்கத்தில் கடைசியாக அமைந்த வீட்டின் ஓனர், ஏதோ ஓர் அலுவலகத்தில் சூப்பரின்டெண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். என் கணவர் இதற்கென்றே படித்து வைத்திருந்தார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றிருப்பதை மொபைலில் எடுத்துப் பணிவாக நீட்டினார். ஓனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "முதல் வரிய விட்டுட்டீங்களே தம்பி. வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துலன்னு ஆரம்பிக்குது பாருங்க. நமக்குள்ள தான் ஒப்பந்தம் போடப் போறோமே!" பத்து மாதம் கொடுத்தோம்.

ஊரில் இதைவிடப் பெரிய விசாரணை நடந்தது. பாளையங்கோட்டையை விட்டு ஒரு குடும்பம் சென்னைக்குப் போனால் அது ஆண்பிள்ளைக்கு வந்த மாற்றலாகத்தான் இருக்க வேண்டும். "மாப்பிள்ளைக்கு மெட்ராஸ்ல போட்டிருக்காவளோ?" என்று கேட்பார்கள். "இல்ல சித்தி, எனக்குத்தான் அங்க வேலை கிடைச்சிருக்கு." "அப்ப மாப்பிள்ளை?" "அவரும் வாராரு." அதற்குப் பிறகு வரும் மௌனத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியே சாப்பிட்டு எழுந்துவிடலாம். என் கணவர் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. சென்னை ஏரியா கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு இந்த மௌனம் எல்லாம் உறைக்காது. உறைத்ததெல்லாம் அவர் அம்மாவுடைய லக்கேஜ்தான்.

அத்தை எங்களோடு வருவது ஏற்கெனவே முடிவானது. அத்தையோடு அம்மியும் குழவியும் வருவது லாரி ஏற்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மீன் சட்டிகள், உடன்குடிக் கருப்பட்டி, அடுத்த தைப்பொங்கல் வரை தாங்கும் புளி. இவற்றோடு நெல்லை எக்ஸ்பிரஸில் எங்கள் சீட்டுக்கு அடியில் 20 லிட்டர் கேனில் தாமிரபரணித் தண்ணீர். "போன ஒடனே புள்ளைகளுக்குத் தண்ணி மாறப்பிடாது. கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கணும்" என்றார். இதில் மருத்துவ ரீதியாகத் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெம்பில்லை.

கேன் தீர்ந்த பிறகு சென்னைத் தண்ணீரின் வரலாற்றை என் மகன் பாட்டிக்கு எடுத்துச் சொன்னான். பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம், கடலூர்ப் பக்கத்து வீராணம் வரை அத்தை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் நெம்மேலி வந்தது. அங்கே கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கித் தென்சென்னைக்கு அனுப்புகிறார்கள் என்றான். "ஏட்டி, கடல் தண்ணியவா குடிச்சிக்கிட்டு இருக்கோம்?" என்று தம்ளரைக் கீழே வைத்தவர், அன்றிலிருந்து சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டார். கேட்டால் "அதான் தண்ணிலயே இருக்கே" என்கிறார்.

அந்தப் பள்ளியில் சேர்ப்பதும் லேசாக நடக்கவில்லை. டி.சி. கையில் இருந்தால் போதும் என்பது எங்கள் காலம். இப்போது எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறை இணையதளத்தில் பழைய பள்ளி குழந்தையின் பெயரைக் காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு விடுவிக்க வேண்டும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பள்ளி விட்டுவிட்டது, புதிய பள்ளியின் கணினியில் இன்னும் வரவில்லை. நடுவில் கொஞ்ச காலம் என் மகன் தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியிலும் இல்லாத ஒரு சுதந்திர மனிதனாகத் திரிந்தான். அத்தைக்குத்தான் தூக்கம் போனது. "புள்ளய எங்கட்டி விட்டு வச்சிருக்காவ? சோறு தண்ணி உண்டா அங்க?" புள்ளை எதிரில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி எனக்குப் புதிதாக இருந்தாலும் அன்னியமாகத் தெரியவில்லை. புது வார்டில் நுழைந்ததும் எந்த நர்ஸும் முதலில் கேட்பது கிராஷ் கார்ட், அதாவது உயிர் காக்கும் அவசர மருந்து வண்டி, எங்கே இருக்கிறது என்று. இரண்டாவது கேள்வி, நம் சாப்பாட்டு டப்பாவை எங்கே வைப்பது. இரண்டுக்கும் விடை தெரிந்தால் பாதி ஊர் பழகியது மாதிரிதான். கொல்கத்தாப் பக்கமிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருவதால் வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று வங்காளத்தில் கேட்க மட்டும் கற்றுக்கொண்டேன். பதில் நீளமாக வந்தால் மணிப்பூர் சிஸ்டர் இந்தியில் சமாளிப்பார்.

சிக்கல் எல்லாம் வீட்டில்தான் ஆரம்பித்தது. இரவு முழுக்க நின்றுவிட்டுக் காலையில் வந்து படுத்தால், சரியாக அப்போதுதான் சென்னை தன் பொருள்களை விற்க ஆரம்பிக்கிறது. முதலில் மாநகராட்சிக் குப்பை வண்டி பாட்டோடு வரும். அது முனை திரும்பியதும் "பழைய இரும்பு, பழைய பேப்பர், பிளாஸ்டிக்" ஒலிபெருக்கி. அப்புறம் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர். நடுவில் கோலமாவுக்காரர் மட்டும் சொந்தக் குரலில் கூவுவார். அவரிடம் எனக்குக் கோபம் கிடையாது, தொழில் தர்மம் உள்ளவர். தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு படுத்திருக்கும்போது காலிங் பெல் அடிக்கும்.

பெல் அடித்தவர்களைப் பற்றிச் சொல்லும் முன் அத்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது அத்தைக்காகவே போட்ட திட்டம் என்று அத்தை நம்புகிறார். நாங்கள் ஆஸ்பத்திரி, ஆபீஸ், பள்ளி என்று மூன்று கோடுகளில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தி. நகர், மயிலாப்பூர், பெசன்ட் நகர் மாதா கோயில் வரை பார்த்து முடித்துவிட்டார். போகிற இடத்தில் எல்லாம், வருகிற வழியில் எல்லாம், பக்கத்து சீட்டுக்கு எங்கள் குடும்ப வரலாறு சொல்லப்படும். அப்படித்தான் எங்கள் கட்டடத்து முதல் மாடி அம்மாவிடம் கீரை வாங்கும் இடத்தில் சொல்லியிருக்கிறார்: "எம் மருமவ பெரிய ஆஸ்பத்திரில ஐ.சி.யூ.ல இருக்கா."

அந்த அம்மா பாவம், மாலையே ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "எப்படிப்பா இருக்காங்க உங்க அண்ணி?" என்று என்னிடமே மெல்லிய குரலில் விசாரித்தார். விஷயம் புரிந்ததும் சிரித்தார், ஆப்பிளைத் திரும்பக் கொண்டுபோகாமல் மேசை மேல் வைத்தார், அப்புறம் புடவையின் முந்தானையை ஒதுக்கி இடது கையை நீட்டினார். "அப்படியே ஒரு பிரஷர் பாத்துடு சிஸ்டர்."

மறுநாள் எதிர் வீட்டு மாமா. அடுத்து மூன்றாம் போர்ஷன் பாட்டி, சுகர் மெஷினோடு. துருப்பிடித்த ஆணி குத்திய காலோடு ஒரு கல்லூரிப் பையன். ஒருவர் மெடிக்கல் ஷாப்பில் அவராகவே வாங்கிய ஊசி மருந்தைக் கொண்டுவந்து "சும்மா போட்டுவிடுங்க" என்றார். டாக்டர் சீட்டு இல்லாமல் கையில் தொட மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "சின்ன ஊசிதானே" என்றார்.

பிரஷர் பார்ப்பது எனக்கு ஒரு பாரமில்லை. முறையோடு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்கு முன்னால் காபி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் அளவு பெரும்பாலும் கூடக் காட்டும். பேசிக்கொண்டிருந்தாலே பத்துப் புள்ளி ஏறிவிடும். வருகிறவர்களை ஐந்து நிமிடம் உட்கார வைக்கும் பொறுப்பை அத்தையிடம் ஒப்படைத்தேன்.

"வாங்க, உக்காருங்க. அஞ்சு நிமிசம் வாயத் தொறக்கப்பிடாதாம். நான் காப்பி போடுதேன். ஆமா, ஒங்களுக்கு எந்த ஊரு?"

எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் ரத்தக் கொதிப்பு என்கிற முடிவுக்கு நான் கிட்டத்தட்ட வந்திருந்தேன். ஒருநாள் சீக்கிரம் எழுந்து ஹாலுக்கு வந்தபோதுதான் காரணம் தெரிந்தது. எதிர் வீட்டு மாமா இரண்டாவது தம்ளர் காபியோடு, தன் தம்பி சொத்தில் ஏமாற்றிய கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை "நீங்க சும்மா விடப்பிடாது" என்று ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த நிலையில் பார்த்தால் யாருக்கும் 160தான் வரும்.

காபிக்குத் தடை போட்டேன். பகல் தூக்கத்துக்கும் ஒரு வழி பண்ணச் சொன்னேன். மறுநாள் டூட்டி முடிந்து வந்து பார்த்தால் கதவில் காலண்டர் அட்டை தொங்குகிறது. பேரனை விட்டு ஸ்கெட்ச் பேனாவால் எழுத வைத்திருக்கிறார்: "நர்ஸ் தூங்குகிறார். பெல் அடிக்காதீர். மாலை 5 மணிக்கு மேல் பிரஷர் பார்க்கப்படும்." இலவசம் என்று எழுதவில்லை. மகன் அட்டையின் மூலையில் ஒரு சிவப்புக் கூட்டல் குறியையும் போட்டுவிட்டான். எனக்கிருந்த தூக்கத்தில் அதைக் கழற்றத் தோன்றவில்லை.

மோட்டார் போட மாடிக்கு வந்த ஓனர் பார்த்துவிட்டார். சரியாக 5 மணிக்கு வந்து பெல் அடித்தார், அந்த ஒழுங்கைப் பாராட்ட வேண்டும். "குடியிருக்கத்தான் வீடு கொடுத்தேன். கிளினிக் நடத்தறீங்களா? ஈ.பி. காரன் பார்த்தா கமர்ஷியல் டாரிஃப் போட்டுடுவான். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமும் போயிடும். அக்ரிமென்ட்ல ஏழாவது பாயின்ட் என்ன சொல்லுது?" மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது. பத்து வருடமாக மானிட்டரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏழாவது பாயின்ட் தெரியவில்லை, அவர் நெற்றி வேர்வைதான் தெரிந்தது.

"சார், கொஞ்சம் உட்காருங்க" என்றேன். அத்தை வழக்கம்போல "ஒங்களுக்கு எந்த ஊரு" என்று ஆரம்பிக்கப் போக, அவரைச் சமையலறைக்கு அனுப்பினேன். 172க்கு 104. கோபம் தணியட்டும் என்று கால் மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். 164க்கு 98. "எனக்கு ஒண்ணும் பண்ணலையேம்மா" என்றார். அதுதான் சார் இதில் வம்பே, நாளைக்கே டாக்டரைப் பாருங்கள் என்றேன். அட்டையை அவரே கதவிலிருந்து கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அக்ரிமென்ட் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்த ஊழியர் வந்தால் மட்டும் கேட் முழுசாகத் திறக்கும். எனக்கும் ஒரு டூப்ளிகேட் சாவி கிடைத்தது. நன்றி உணர்ச்சி என்று யாரும் நெகிழ வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டு 9 மணிக்கே படுக்க வேண்டியிருப்பதால் எனக்காக விழித்திருக்க முடியாதாம், அதைத் தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார்.

என் ரோஸ்டர் இப்போது எனக்கு முன்பே கட்டடத்துக்குத் தெரிந்துவிடுகிறது. மாதம் பிறந்ததும் நான் ஃபிரிட்ஜில் ஒட்டுவதை அத்தை போட்டோ எடுத்துக் கட்டடத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிடுகிறார். போன வாரம் இன்சார்ஜ் சிஸ்டர் திடீரென்று என் மதிய ஷிஃப்டை நைட்டாக மாற்றினார். சாயங்காலம் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறினால் மூன்றாம் போர்ஷன் பாட்டி வழிமறித்தார்.

"டூட்டிய மாத்தறதுக்கு முன்னாடி எங்களயும் ஒரு வார்த்த கேக்கணும்னு உங்க இன்சார்ஜ்கிட்ட சொல்லு சிஸ்டர். வெள்ளிக்கிழமை சுகர் பாக்கணும்னு காலைலேந்து இட்லி சாப்பிடாம உக்காந்திருக்கேன்."

"பாட்டி, இன்னைக்கு வியாழக்கிழமை."

"அப்படியா" என்று உள்ளே போய்விட்டார்.