பாண்டிச்சேரியில் கல்யாணம் என்றார்கள், நடந்தது விழுப்புரம் மாவட்டத்தில்

அக்கா மகளின் திருமணச் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. தையில் தாலி ஏறிய கல்யாணத்துக்குச் சித்திரை பிறந்த பிறகு சான்றிதழ். நடுவில் நான் தாய்மாமன் என்ற முறையில் பட்ட பாட்டை எழுதி வைத்தால், அடுத்து அங்கே கல்யாணம் வைக்கப் போகிறவர்களுக்காவது உதவும்.

முதலில் ஒரே ஒரு விஷயம். அட்வான்ஸ் கொடுக்கும் முன், மண்டபம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த நிலம் துண்டு துண்டாகக் கிடந்தது. 1954இல் இந்தியாவோடு சேர்ந்தபோதும் அந்தத் துண்டுகள் அப்படியே நின்றுவிட்டன. வடக்கே முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம், அங்கேயே விழுப்புரம் மாவட்டம் ஆரம்பம். சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாமே தமிழ்நாடு. ஆனால் ஈசிஆரில் இருக்கிற ரிசார்ட், மண்டபம் எதன் போர்டைப் பார்த்தாலும் ‘பாண்டிச்சேரி’ என்றுதான் இருக்கும். தெற்கே கடலூர் பக்கம் போனாலும் எல்லை இப்படித்தான் உள்ளே வெளியே விளையாடும்.

பின்கோடு 605 என்று தொடங்குகிறதே என்று நம்பிவிடாதீர்கள், விழுப்புரம் டவுனுக்கும் 605தான். நம்பக்கூடியது ஒன்று உண்டு. அட்வான்ஸ் ரசீதில் ஜிஎஸ்டி எண் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மண்டப மேனேஜர் கடைசி வரை “பாண்டிதான் சார், பாண்டிதான்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பொண்ணுக்கு ஆசை என்னவோ ஒயிட் டவுனில்தான். மஞ்சள் சுவர், போகன்வில்லா, பழைய பிரெஞ்சு வீட்டின் முற்றத்தில் மேடை. போய்ப் பார்த்தோம். ஹோட்டலாக மாற்றிய வீடுகள் அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் முற்றத்தில் அறுபது நாற்காலி போட்டால் பந்திக்கு இடம் கிடையாது, வேன் நிறுத்தத் தெருவில் இடம் கிடையாது. எங்கள் அத்தான் பக்கச் சொந்தம் மட்டுமே இரண்டு பஸ். ஓரிடத்தில் எல்லாம் ஒத்துவந்த மாதிரி இருந்தது. கடைசியாக அங்கிருந்த அம்மா, “ஹோமம் மட்டும் வளர்க்கக் கூடாது. குத்துவிளக்கு ஏத்திக்கலாம்” என்றார். பழைய மரக்கூரை, புகை படியும், அவர் பயமும் நியாயம்தான். நான் போனில் எங்கள் வாத்தியாரைக் கேட்டேன். “அக்னி இல்லாம சப்தபதி எதைச் சுத்தி வைக்கறது? ஏசியையா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அத்தோடு ஒயிட் டவுன் ஆசை போட்டோவுக்கு மட்டும் என்று சுருங்கியது.

தேதி விஷயத்தில் மட்டும் தப்பித்தோம். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல முகூர்த்தம் இருந்தும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த ஊரில் கல்யாணம் வைக்கிறவர்கள் அதை மறக்கக் கூடாது. அப்புறம் மாசியில் ஒரு தேதி பார்த்து, கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. பெரிய மார்க்கெட்டில் மாலைக்கு விலை கேட்கப் போன இடத்தில் பூக்கார அக்கா தேதியைக் கேட்டதும் கையை உதறினார். “அன்னிக்கு மாசிமகம்யா. மயிலம் முருகன், திண்டிவனம், தீவனூர்ச் சாமியெல்லாம் வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். உங்க மாப்பிள்ளை கார் எந்த ரோட்டுல வரும்?” தேதியைத் தைக்கு மாற்றினோம். அந்த அக்காவிடமே மாலையும் சொன்னோம், சொன்ன நேரத்துக்கு வந்தது.

மண்டபம் பிடித்ததற்குக் காரணம் ‘கடற்கரையோடு சேர்ந்தது’ என்ற விளம்பரம். போட்டோவில் அகலமான மணல், மேடை, பின்னால் அலை. நேரில் போனால் மணலைக் காணோம். பின்வாசலைத் திறந்தால் கருங்கல் குவியல், அதற்கு அந்தப் பக்கம் கடல். அந்த ஊர் மீனவர் ஒருவர்தான் விவரம் சொன்னார். 1980களின் கடைசியில் பாண்டி துறைமுக முகத்துவாரத்தில் கடலுக்குள் கல்சுவர் கட்டினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணலை அது மறித்துவிட்டது. மணல் வராததால் வடக்கே உள்ள குப்பங்களின் கரை ஒவ்வொரு வருஷமும் கரைந்து, வீடுகளைக் காப்பாற்றக் கல் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மண்டபக்காரரிடம் கேட்டால், “போட்டோ கொஞ்சம் பழசு சார்” என்கிறார். எத்தனை பழசு என்று நான் கேட்கவில்லை. வரவேற்பு மேடையைப் புல்தரைக்கு மாற்றினோம். நீங்கள் போய்ப் பார்ப்பதென்றால் இன்றைய கடலைப் பாருங்கள், போட்டோவைப் பார்க்காதீர்கள்.

சமையல், நாதஸ்வரம், சீர்வரிசை எல்லாம் சொன்னபடி நடந்தன.

வேன் விஷயம் கேளுங்கள். நாங்கள் டெல்டா பக்கம். கடலூர் வழியாக வந்தால், மண்டபம் தமிழ்நாட்டில் இருந்தாலும், நடுவில் புதுச்சேரியைக் கடந்துதான் ஆக வேண்டும். தமிழ்நாட்டு பெர்மிட் உள்ள வாடகை வண்டிக்கு ‘பாண்டி பெர்மிட்’ என்று தனியாகக் காசு. வண்டிக்காரர் அதை வாடகையில் சேர்த்துச் சொன்னாரா, சேர்க்காமல் சொன்னாரா என்று புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் டிரைவர் விடியற்காலையில், பெண்டு பிள்ளைகள் எல்லாம் தூங்கி வழியும் நேரத்தில், வண்டியை ஓரம்கட்டிக் கேட்டார். அந்த நேரத்தில் யாரும் பேரம் பேச முடியாது, அது அவருக்கும் தெரியும்.

சரக்கு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், வெட்கப்பட்டால் வேலைக்காகாது. மாப்பிள்ளையின் நண்பர்கள் பாண்டி கல்யாணம் என்றதும் வேறு கணக்குப் போட்டிருந்தார்கள். நான் முன்கூட்டியே சொன்னேன்: “தம்பி, மண்டபம் தமிழ்நாட்டில் இருக்கிறது. பாண்டிக் கடையில் வாங்கியதை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் குற்றம். கொஞ்ச தூரம்தானே என்று பேச முடியாது.” கல்யாண மண்டபத்தில் உரிமம் வாங்கி ஊற்றலாம் என்று ஒருவர் வாதாடினார். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அப்படி ஓர் அறிவிப்பு விட்டது உண்மைதான். ஆனால் எதிர்ப்புக் கிளம்பியதும் திருமண மண்டபங்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாதிப் பேர் கேட்டுக்கொண்டு பாண்டிக்குள்ளேயே ஹோட்டலில் உட்கார்ந்துவிட்டு ஆட்டோவில் வந்தார்கள். மீதிப் பேர் கார் டிக்கியில் பெட்டியோடு வந்து சோதனையில் மாட்டினார்கள். பெட்டி போனது, முகூர்த்தத்துக்கு ஆள் வந்து சேர்ந்தார்கள், அதுவரை லாபம்.

போட்டோ எடுப்பவர்களுக்கு: பீச் ரோட்டில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். விடியல் வெளிச்சத்துக்குப் போனால் பட்டுப்புடவையோடு நடந்துதான் போக வேண்டும். செருப்பு பழையதாக இருக்கட்டும்.

இப்போது சான்றிதழ். தமிழ்நாட்டில் கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். முன்பு கல்யாணம் நடந்த ஊரில்தான் பதியலாம். 2020இல் சட்டத்தைத் திருத்தியதால் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இருக்கும் ஊரிலும் பதியலாம். அதனால் எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கே போனோம். மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை, லீவு எண்ணி எடுத்து வந்தவர். ஆன்லைனில் விண்ணப்பம், சாட்சிகள், ஆதார், போட்டோ எல்லாம் சரியாக இருந்தன. எழுத்தர் கல்யாணப் பத்திரிகையைப் புரட்டினார். மண்டபத்தின் பெயருக்குக் கீழே, மண்டபக்காரர் கொடுத்த விலாசப்படி, ‘ஈசிஆர், பாண்டிச்சேரி’ என்று தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது. அதன்மேல் விரலை வைத்தார்.

“கல்யாணம் பாண்டிச்சேரில நடந்திருக்கு. அங்க போய்ப் பதிங்க.”

“சார், அது விழுப்புரம் மாவட்டம். கோட்டக்குப்பம் தாண்டி.”

“பத்திரிகைல அப்படிப் போடலையே?”

பேச்சு அவ்வளவுதான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். மாப்பிள்ளைக்கு நாள் போய்க்கொண்டிருந்ததால், கேட்டுத்தான் பார்ப்போமே என்று பாண்டிக்கே போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசினார். மண்டபத்தின் பெயரைச் சொன்னதும், “அது உங்க தமிழ்நாடுங்க, எங்க எல்லை அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது” என்றார். எழுதிக் கொடுங்கள் என்றால், “எங்க ஊர்ல இல்லைன்னு நாங்க எப்படிங்க எழுதிக் கொடுக்கறது?” என்கிறார். வாதத்தில் ஓட்டை இல்லை. போக வர டீசல் செலவு எங்களுடையது. மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டார், பதிவுக்காக மறுபடி லீவு கேட்டு வர வேண்டிய நிலை.

வழி சொன்னது எங்கள் ஊர் அலுவலக வாசலில் டீக்கடைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர். “மண்டபம் எந்தக் கிராமம், எந்த வட்டம்னு காட்டற பேப்பர் ஒண்ணு வேணும். மண்டபத்துக்காரன்கிட்ட ஊராட்சிக்குக் கட்டின வரி ரசீது இருக்கும், நகல் வாங்குங்க. கூடவே ஒரு லெட்டர்.” மேனேஜரிடம் கேட்டால் தயங்குகிறார். “எங்க லெட்டர்பேடே பாண்டிச்சேரின்னுதானே சார் இருக்கு” என்றார். அக்காதான் போனை என் கையிலிருந்து வாங்கினாள். “தம்பி, நீ வரி எந்த ஊருக்குக் கட்டறியோ அந்த ஊரைத்தான் கேக்கறேன்” என்றாள். மறுநாள் வாட்ஸ்ஆப்பில் ரசீது நகல் வந்தது, லெட்டர் வரவில்லை.

லெட்டருக்குப் பதில் கைகொடுத்தது கடைசி பில். நாங்கள் ஜிஎஸ்டியோடு பில் கேட்டு வாங்கியிருந்தோம். மேலே பெரிதாகப் பாண்டிச்சேரி, கீழே பொடி எழுத்தில் கிராமம், வானூர் வட்டம், 33இல் தொடங்கும் எண். பில் இல்லாமல் வாங்கிக்கொண்டால் குறைத்துத் தருகிறேன் என்று அன்றைக்கு மேனேஜர் சொன்னதற்கு அக்கா ஒத்துக்கொள்ளாதது நல்லதாகப் போயிற்று. இரண்டையும் பார்த்த அதே எழுத்தர், ஒரு வார்த்தை பேசாமல் விண்ணப்பத்தை மேலே அனுப்பினார்.

அந்த பில் சமாச்சாரத்திலேயே இன்னொன்று. மின்சாரத்துக்கு மீட்டர் ரீடிங் படி காசு என்று மண்டபத்தில் சொல்லியிருந்தார்கள். சாவி வாங்கியதும் தம்பி மகனை விட்டு மீட்டரை போட்டோ எடுக்கச் சொன்னேன். கணக்கு முடிக்கும்போது ஆரம்ப ரீடிங்கைக் குறைத்து எழுதிக்கொண்டு வந்தார்கள். பையன் போனை நீட்டினான். “வேற மீட்டரைப் பார்த்துட்டாங்க போல” என்று அடித்து எழுதினார்கள். ஜெனரேட்டர் டீசல் அளவையும் இப்படியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகை அச்சடிக்கும் முன் மண்டப விலாசத்தில் கிராமம், வட்டம், மாவட்டம் மூன்றையும் போடுங்கள். ‘பாண்டிச்சேரி அருகில்’ என்று அடைப்புக்குள் போட்டால் சொந்தக்காரர்களுக்கும் வழி தெரியும். வெளிநாட்டு விசாவுக்குச் சான்றிதழ் வேண்டியவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். நம் ஆட்கள் இனிஷியலோடு எழுதுவோம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, அடியுங்கள். எங்களுக்கு அதில் மட்டும் சிக்கல் வரவில்லை, பொண்ணே உட்கார்ந்து தட்டச்சு செய்ததால்.