தணலுக்கு மேலே ஒரு சக்கரம்: பாஸ்க் நாட்டு நாட்குறிப்பு

ஜூன் 8, சான் செபஸ்தியான் (வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் பகுதி)

மதியச் சாப்பாடு 2 மணிக்கு, இரவுச் சாப்பாடு 9 மணிக்கு. அதற்கு முன்னால் போனால் நாற்காலிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். அவன் இங்கே வேலைக்கு வந்து இந்த நேரங்களுக்குப் பழகிவிட்டான். இரவு 9 மணிக்கும் வெளிச்சம் குறையவில்லை. என் பசி மட்டும் ஊர் நேரத்திலேயே நிற்கிறது.

ஜூன் 9

கடற்கரைச் சாலையில், கூடாரத் துணிக்குக் கீழே மேசை போட்ட ஒரு கடை. பெயர் வேண்டாம். பலகையில் பெரிதாக 'விறகு அடுப்பு' என்று எழுதியிருந்தார்கள். விறகு உண்மைதான், ஆளுயரத்துக்குக் கொழுந்துவிட்டு எரிந்தது, எல்லோரும் படம் எடுத்தார்கள். அந்தச் சுவாலையிலேயே மீனையும் காட்டிவிட்டார்கள். தோல் கரி, நடுமுள்ளை ஒட்டிய சதை பச்சை. பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம். "அக்கா, இதை வைத்து இந்த ஊரை எடைபோட்டுவிடாதே" என்றான் தம்பி. போடமாட்டேன், ஆனால் பில்லைப் பார்த்தபோது கொஞ்சம் போட்டேன்.

ஜூன் 11, கெதாரியா

பஸ் சரௌத்ஸைத் தாண்டியதும் இடப்புறம் மேடெல்லாம் திராட்சைப் பந்தல். சாக்கோலி என்ற புளிப்பான வெள்ளை ஒயின் இந்தச் சரிவுகளிலிருந்துதான் வருகிறது. மகெல்லன் வழியில் இறந்த பிறகு, மிஞ்சிய கப்பலைக் கொண்டுவந்து சேர்த்து 1522இல் உலகைச் சுற்றி முடித்த எல்கானோ பிறந்த ஊர் இது. அவர் பெயரில் 1964இல் தொடங்கிய உணவகம்தான் முழு டர்பட் மீனைத் தணலில் வாட்டுவதற்குப் பேர்போனது. அங்கே இடம் கிடைக்கவில்லை. துறைமுகத்துக்கு இறங்கும் வழியில் வேறொரு கடையில், வெளியே போட்டிருந்த மேசையில் உட்கார்ந்தோம்.

இங்கே அடுப்பைச் சமையலறைக்குள் ஒளிப்பதில்லை. தெருவிலேயே, சுவரோரமாக நிற்கிறது. என் நாற்காலியிலிருந்து கைநீட்டினால் சூடு தெரியும். தீ எங்கும் இல்லை. சாம்பல் பூத்த ஓக் கரித் தணல் மட்டும். அதன் மேலே இரும்புக் கம்பித் தட்டு, பக்கத்தில் அதை ஏற்றவும் இறக்கவும் ஒரு சக்கரம்.

டர்பட், நம் எருமை நாக்கு மீனைப் போலத் தட்டையானது. முதலில் பச்சை மீனைக் கொண்டுவந்து காட்டி, எடையைச் சொல்லி, சரியா என்று கேட்டார்கள். விலை கிலோக் கணக்கு. பிறகு தோலை உரிக்காமல், தலையை வெட்டாமல், கல் உப்பைத் தூவிக் கம்பிக்கூட்டுக்குள் பூட்டினார் அடுப்புக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், யாரோடும் பேசவில்லை. மூடியில் துளையிட்ட பாட்டிலிலிருந்து எண்ணெயும் வினிகரும் கலந்த நீரை அவ்வப்போது மீன்மேல் பீய்ச்சினார். ஒரு சொட்டு தணலில் விழுந்து தீ எழுந்தது. அவர் விசிறவுமில்லை, தண்ணீர் தெளிக்கவுமில்லை. சக்கரத்தை அரைச் சுற்றுச் சுற்றினார். தட்டு மேலேறியது, தீ இரை கிடைக்காமல் அடங்கியது. மறுபடி அரைச் சுற்று, மீன் கீழே வந்தது. தணலை அவர் தொடவே இல்லை. நேற்று முன்தினக் கடையில் இல்லாதது இந்த அரைச் சுற்றுதான்.

மேசையில் கரண்டியால் பிரித்துக் கொடுத்தார்கள். தோலிலிருந்தும் முள்ளிலிருந்தும் கசிந்த பசை எண்ணெயோடு சேர்ந்து தானாகவே வெண்குழம்பாகத் திரண்டிருந்தது. மாவும் இல்லை, வெண்ணெயும் இல்லை. கன்னச் சதையைத் தம்பி எடுத்துக்கொண்டான். ஓரத் துடுப்புகளை எனக்கு வைத்தான். கையால் எடுத்து உறிஞ்ச வேண்டும், உதடு ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து மேசைப் பாட்டியும் அதையேதான் செய்துகொண்டிருந்தார், சத்தத்தோடு.

ஜூன் 13, அஸ்திகர்ராகா

சிடார் என்ற ஆப்பிள் மது விடுதி. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் முறையான பருவம். இது ஆண்டு முழுதும் திறந்திருக்கும் ஒன்று. உப்புக் கருவாட்டுக் காட் மீன் போட்ட ஆம்லெட், மிளகாயோடு மறுபடியும் காட், பிறகு சுலேட்டா என்ற தடித்த மாட்டிறைச்சி, கடைசியில் இடியாசாபல் பாலாடைக்கட்டியும் வால்நட்டும். 'சோச்!' என்று யாராவது கத்தினால் எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பீப்பாய்க்கு ஓடுகிறார்கள். நூல்போலப் பாயும் சிடாரைத் தூரத்தில் நின்று டம்ளரில் பிடிக்க வேண்டும். இறைச்சி வெளியே முறுகல், உள்ளே சிவப்பு. எனக்கு இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம். சொன்னேன், பரிமாறியவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஜூன் 14

ஆஸ்பே கிராமத்து எச்செபார்ரி உணவகத்தில் மேசை கிடைக்குமா என்று தம்பி இன்னும் தேடுகிறான். மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டிய இடம். 2024இன் 'உலகின் 50 சிறந்த உணவகங்கள்' பட்டியலில் இரண்டாவது. அங்கே சமையல்காரர் பித்தோர் அர்கின்சோனிஸ் விறகிலிருந்து தானே தணல் உண்டாக்குகிறார். ஏற்றி இறக்கும் அடுப்புகளையும் தாமே வடிவமைத்தார். வெண்ணெய்க்குக்கூடப் புகை காட்டுவார்களாம். எனக்கு அந்தச் சக்கரங்களைப் பார்த்தால் போதும், வெண்ணெயைத் தம்பி சாப்பிடட்டும்.

அவனோ இதற்குள் பால்கனியில் சிறிதாக ஓர் அடுப்பு வைத்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். பதில் ஒரே சொல்லில் வந்துவிட்டது.