வானொலி தேடித் தந்த மாணவர்

நாங்கள் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், அதிபர் அவர்கள் தமது அறையிலிருந்த வால்வு வானொலிப் பெட்டியை மாலை வேளைகளில் விறாந்தைக்குக் கொண்டுவந்து வைப்பார். மாமரத்தில் கட்டிய ஏரியல் கம்பியைச் சரிபார்த்து, இரைச்சல் அடங்கிச் செய்தி தெளியும்வரை குமிழைத் திருகுவார். கேட்டதை மறுநாள் எங்கள் சொந்த வசனத்தில் சொல்ல வேண்டும். அப்படியே ஒப்புவிப்பது அவருக்குப் பிடிக்காது. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் குடியேறியபின், அதன் முன்னாள் முதல்வர் ஏர்னெஸ்ட் மானிங்கின் வரலாற்றைப் படித்தபோது அந்த விறாந்தை நினைவுக்கு வந்தது. தம் ஆசிரியரை வானொலியிலே கண்டடைந்தவர் அவர்.

அயல் மாகாணமான சஸ்கற்சுவானில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் வளர்ந்த மானிங், அல்பேர்ட்டாவின் கல்கரி நகரிலிருந்து 1925 முதல் ஒலிபரப்பான வில்லியம் ஏபர்ஹார்ட்டின் ஞாயிறு பிரசங்கங்களில் மனம் பறிகொடுத்தார். ஏபர்ஹார்ட் ஓர் உயர்பாடசாலையின் அதிபர். பப்டிஸ்ட் என்னும் கிறிஸ்தவ சபை மரபில் வந்த பிரசங்கியார். பனிக்காலத்தில் கோயிலுக்குப் போக வழியற்ற பண்ணைக் குடும்பங்களுக்கு அவருடைய ஒலிபரப்பே ஞாயிறு ஆராதனையாயிற்று. 1927இல் அவர் வேதாகமக் கல்லூரியைத் தொடங்கியபோது மானிங் கல்கரிக்கு வந்து சேர்ந்து, ஆசிரியரின் வீட்டிலேயே தங்கிப் படித்து, அக்கல்லூரியின் முதல் பட்டதாரியானார். பின்னர் அவருடன் ஒலிவாங்கியின் முன்னும் நின்றார். நிகழ்ச்சிக்குப் பியானோ வாசித்த முரியல் பிரெஸ்டனையே 1936இல் மணந்தார்.

பொருளாதார மந்தம் கமக்காரரை நொறுக்கிய அந்நாளில், வளர்ந்தோர் ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டொலர் என்ற வாக்குறுதியுடன் ஏபர்ஹார்ட்டின் சமூகக் கடன் கட்சி 1935இல் 63 ஆசனங்களில் 56ஐ வென்றது. மானிங் 26 வயதில் அமைச்சரானார். அந்த 25 டொலர் மக்கள் கைக்கு வரவேயில்லை. 1943இல் ஆசிரியர் மறைய, முதல்வரான மானிங், அரசே மக்களுக்குப் பணம் வழங்கி வாங்கும் சக்தியைக் கூட்டலாம் என்ற, நடைமுறைக்கு ஒவ்வாத சமூகக் கடன் கோட்பாட்டை மெல்ல ஒதுக்கிவிட்டு, 1947இல் லெடூக்கில் எண்ணெய் கண்டபின் மாகாணத்தைச் சிக்கனமாக நடத்தி, தொடர்ந்து ஏழு தேர்தல்களில் வென்றார். ஆசிரியரின் பணியை ஏற்றுக்கொண்டு, அவர் பிழைவிட்ட இடத்தைத் திருத்தியதே இவருடைய குருபக்தி என்று நான் மதிக்கிறேன்.

எல்லாவற்றிலும் அவருடன் எனக்கு உடன்பாடில்லை. அரசாங்கம் கட்டாயமாக்கும் மருத்துவக் காப்புறுதியை அவர் எதிர்த்தார். அயல் மாகாணத்தில் அதற்கு அடித்தளமிட்ட ரொமி டக்ளசோ பப்டிஸ்ட் போதகராயிருந்து நாடாளுமன்றம் சென்றவர். என் தாயார் இந்நாட்டு வைத்தியசாலையில் ஒரு சதமும் கட்டாமல் மாதக்கணக்கில் பராமரிக்கப்பட்டவர். ஆகையால் இவ்விடயத்தில் என் மனம் முழுவதும் டக்ளசின் பக்கமே.

1968இல் பதவி விலகிய மானிங்கை 1970இல் பிரதமர் பியர் ட்ரூடோ நாடாளுமன்ற மேலவையான செனற் சபைக்கு நியமித்தார். அச்சபையில் தம் கட்சிக்கு ஒரே உறுப்பினராக அமர்ந்து, 75ஆவது வயதில், 1983இல் ஓய்வுபெற்றார். முதல்வராக இருந்த இருபத்தைந்து ஆண்டுகளிலும் ஒட்டாவாவில் இருந்த காலத்திலும், ஏபர்ஹார்ட் தொடக்கிவைத்த வேதாகம நிகழ்ச்சியை அவர் கைவிடவில்லை. நாடெங்கும் பல நிலையங்களில் அது அவர் குரலிலேயே ஒலிபரப்பாகி வந்தது.