டேங்க்டி 2.0: பழைய இனிட் ஸ்கிரிப்ட்டை வைத்துக்கொண்டே சிஸ்டம்டிக்கு மாறியது

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போட்டு, நிறைந்ததும் நிறுத்துகிற ஒரு சின்ன டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்) எழுதி வைத்திருக்கிறேன். பெயர் டேங்க்டி. 2013-இல், டெபியன் லினக்ஸின் 7-ஆம் பதிப்பு வந்த சமயத்தில் எழுதியது. நானே டெப் பேக்கேஜாகக் கட்டி மூன்று வீடுகளில் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் மாமா வீட்டிலும் இப்போது டெபியன் 12. தம்பி வீட்டில் டெபியனிலிருந்து பிரிந்த டெவுவான் 5; அங்கே, பூட் ஆகும்போது சர்வீஸ்களைக் கிளப்பிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி கிடையாது, இனிட்.டி அடைவில் இருக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்களை ஓட்டி அவற்றைக் கிளப்பும் பழைய சிஸ்வி இனிட்தான்.

போன மாதம் எங்கள் வீட்டுத் தொட்டி காலியாகிவிட்டது. சென்சார் கேபிள் கழன்றதில் டீமன் செத்துப்போயிருந்தது. ஆனால் சிஸ்டம்டியின் கட்டளையான சிஸ்டம்சிடிஎல்லில் ஸ்டேட்டஸ் கேட்டால் பச்சை எழுத்தில் ‘ஆக்டிவ், எக்சிட்டட்’ என்றது. ஏன் என்று தேடிப் போனதில்தான் இந்த வேலை தொடங்கியது.

டெபியன் 2015-இல் 8-ஆம் பதிப்போடு சிஸ்டம்டிக்கு மாறியபோது, இனிட்.டி ஸ்கிரிப்ட் மட்டும் வைத்திருந்த பேக்கேஜ்கள் அப்படியே ஓடின. காரணம், சிஸ்டம்டி-சிஸ்வி-ஜெனரேட்டர் என்ற சின்ன நிரல். பூட் ஆகும்போது ஸ்கிரிப்ட்டின் தலைப்பில் இருக்கும் எல்எஸ்பி குறிப்புகளை (எப்போது, எதற்குப் பிறகு கிளப்புவது என்பவை) படித்து, ரன் அடைவுக்குள் ஒரு தற்காலிக யூனிட் கோப்பை (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்பு) எழுதிவிடும். அதைத் திறந்து பார்த்தேன். டைப் ஃபோர்க்கிங், ரீஸ்டார்ட் நோ, ரிமெய்ன்ஆஃப்டர்எக்சிட் எஸ். அதாவது செத்தால் மறுபடி கிளப்பாது, ப்ராசஸ் முடிந்தாலும் ஆக்டிவ் என்றே வைத்திருக்கும். டீமனின் ப்ராசஸ் எண் (பிட்) எழுதப்படும் பிட் கோப்பு எங்கே என்று என் ஸ்கிரிப்ட் சொல்லவில்லை. அதனால் ஸ்கிரிப்ட் ஒருமுறை ஓடி முடிந்தாலே சர்வீஸ் உயிரோடு இருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. டீமன் செத்தது அதற்குத் தெரியவே தெரியாது. பத்து வருடமாக இப்படித்தான் இருந்திருக்கிறது.

முதல் சனிக்கிழமை. சொந்த யூனிட் கோப்பு எழுதினேன். பழைய பெயர் சுருக்கமாக இருக்கிறதே என்று கோப்புக்கு ‘டேங்க்-லெவல்’ என்று பெயர் வைத்தேன். ரீபூட் செய்ததும் பதிவில் அளவுகள் கன்னாபின்னாவென்று வந்தன. 73.4 வரவேண்டிய இடத்தில் ஒரு வரியில் 7, அடுத்த வரியில் 3.4. ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளை போட்டுப் பார்த்தால் இரண்டு டீமன்கள் ஒரே சீரியல் போர்ட்டைப் பாதிப்பாதியாகப் படித்துக்கொண்டிருந்தன. ஸ்கிரிப்ட்டின் பெயரிலேயே யூனிட் இருந்தால்தான் ஜெனரேட்டர் ஒதுங்கிக்கொள்ளும். பெயர் வேறு என்றால் இரண்டையும் கிளப்பிவிடும். யூனிட்டுக்கும் டேங்க்டி என்றே பெயர் வைத்தேன், ஒன்றுதான் ஓடியது.

இங்கேயே ஸ்கிரிப்ட்டைத் தூக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. தம்பி வீட்டுக்கு அது கட்டாயம் வேண்டும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அப்பா. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவர் ‘சர்வீஸ் டேங்க்டி லெவல்’ என்று அடிப்பார். நான் அந்தக் காலத்தில் ஸ்கிரிப்ட்டில் சேர்த்துக் கொடுத்த வார்த்தை. சிஸ்டம்சிடிஎல்லுக்கு இப்படிப்பட்ட சொந்த வார்த்தைகள் பிடிபடாது. ஆனால் டெபியனின் சர்வீஸ் கட்டளை, ஸ்டார்ட், ஸ்டாப் மாதிரி வழக்கமானவற்றைச் சிஸ்டம்டிக்கு அனுப்பிவிட்டு, தெரியாத வார்த்தை வந்தால் இனிட்.டி ஸ்கிரிப்ட்டையே நேராக ஓட்டுகிறது. இதை எழுதிவைத்தவர்களுக்கு மனதார நன்றி. ஸ்கிரிப்ட் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஞாயிறு. முழுக்க டிஃபால்ட் கோப்போடு போனது. இடிசி அடைவில் டிஃபால்ட்டுக்குள் டேங்க்டி என்று ஒரு கோப்பு. போர்ட், வீட்டின் பெயர் எல்லாம் அதில். யூனிட்டில் என்விரான்மென்ட்ஃபைல் என்று அதைக் காட்டிவிட்டால் போதும் என நினைத்தேன். ஆனால் சிஸ்டம்டி அதை ஷெல் மாதிரி படிப்பதில்லை. வீட்டின் பெயருக்கு நான் டாலர் போட்டு, அடைப்புக்குள் ஹோஸ்ட்நேம் என்று எழுதியிருந்தேன். ஷெல் என்றால் அந்தக் கட்டளையை ஓட்டி மெஷினின் பெயரைப் போட்டுவிடும். சிஸ்டம்டியில் அந்த எழுத்துகள் அப்படியே பெயராகப் பதிவில் வந்து உட்கார்ந்தன. மூன்று வீட்டுக் கோப்புகளையும் கையால் திருத்தலாம்தான். ஆனால் அவை அந்தந்த வீட்டில் இருப்பவர்கள் மாற்றிக்கொண்ட கோப்புகள். என் வசதிக்காக அவற்றில் கைவைக்க எனக்கு உடன்பாடில்லை.

அதனால் நாலு வரியில் ஒரு ஷெல் உறை எழுதினேன். டிஃபால்ட் கோப்பை ஷெல்லாகவே படித்து, கடைசியில் எக்செக் போட்டு டீமனாக மாறிவிடும். எக்செக் புதிய ப்ராசஸைக் கிளப்பாமல் அதே ப்ராசஸில் நிரலை மாற்றுவதால் பிட் மாறாது. சிஸ்டம்டி சரியான ப்ராசஸைக் கவனிக்கிறது. டெவுவானிலும் ஸ்டார்ட்-ஸ்டாப்-டீமன் இதே உறையைத்தான் பின்னணியில் கிளப்புகிறது. பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே வழி.

அடுத்த சனிக்கிழமை. என்னை உலுக்கிய நாள் இதுதான். மாமா வீட்டு அமைப்பை அப்படியே ஒரு விர்ச்சுவல் மெஷினில் நகலெடுத்து, மோட்டார் ரிலேக்குப் பதிலாக பிரெட்போர்டில் ஒரு சிவப்பு எல்இடி மாட்டி, புதிய பேக்கேஜை ஏற்றினேன். நிறுவல் வரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்இடி எரிந்தது. எரிந்திருக்கவே கூடாது. கோடையில் போர்வெல் வற்றிப்போவதால் மாமா டிஃபால்ட் கோப்பில் ‘ஸ்டார்ட்=நோ’ என்று போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார். அந்த வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் வெளியேறுவது இனிட்.டி ஸ்கிரிப்ட்டின் வேலை. என் யூனிட்டோ அந்த வரியைக் கேட்கவே இல்லை. நிஜ வீட்டில் என்றால் தண்ணீர் இல்லாத போரில் மோட்டார் வெறுமனே ஓடி, காயில் கருகியிருக்கும்.

இப்படி டிஃபால்ட் கோப்பில் நிறுத்தும் வழக்கத்தை இப்போது டெபியன் விதிகளும் வேண்டாம் என்கின்றன, அப்டேட்-ஆர்சி.டி கட்டளை கொண்டு டிசேபிள் செய்யச் சொல்கின்றன. புதிதாக எழுதுகிறவருக்கு அது சரி. ஆனால் அந்த வரியை அன்று மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதை மதிப்பது என் பேக்கேஜின் கடமை.

வழி, சிஸ்டம்டி 243-இல் வந்த எக்செக்கண்டிஷன். டெபியன் 12-இல் இருப்பது 252, ஆகவே கவலை இல்லை. டீமனைக் கிளப்பும் முன் ஒரு கட்டளையை ஓட்டி, அது 1 என்று திரும்பினால் சர்வீஸைத் தவிர்த்துவிடும். தோல்வி என்று குறிக்காது. டிஃபால்ட் கோப்பைப் படித்து ஸ்டார்ட்டின் மதிப்பு நோவா என்று பார்க்கும் ஒரு வரி போட்டேன். யூனிட் கோப்பில் டாலர் குறியை இரண்டு முறை எழுதினேன். அப்போது சிஸ்டம்டி அதில் கைவைக்காமல், ஒற்றை டாலராக ஷெல்லிடம் ஒப்படைத்துவிடும். மறுபடி ஏற்றினேன். எல்இடி எரியவில்லை. நோவை எஸ் ஆக்கி ஸ்டார்ட் கொடுத்தேன், எரிந்தது. திரும்ப நோ போட்டு மெஷினையே ரீபூட் செய்தேன், எரியவில்லை.

அப்புறம் ஒன்று. இனிட்.டி ஸ்கிரிப்ட் கான்ஃபைல் (பயனர் மாற்றிக்கொள்ளக்கூடிய அமைப்புக் கோப்பு) வகை என்பதால் பேக்கேஜை நீக்கினாலும் அது தங்கிவிடும், அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து அழிக்கும் பர்ஜ் செய்தால்தான் போகும். டீமன் கோப்பு இல்லையென்றால் அமைதியாக வெளியேறு என்று ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் ஒரு வரி இருக்கவேண்டும். என்னுடையதில் ஏற்கெனவே இருந்தது.

நேற்று மாமா வீட்டில் 2.0 ஏற்றியாயிற்று. மோட்டார் அசையவில்லை. மழை வந்து போர் ஊறியதும் அவரே எஸ் போட்டுக்கொள்வார். எங்கள் வீட்டில் டீமனை வேண்டுமென்றே ‘கில் -9’ போட்டுக் கொன்று பார்த்தேன். ரீஸ்டார்ட் ஆன்-ஃபெய்லியர் போட்டிருப்பதால் உடனே எழுந்து வந்தது. தம்பி வீட்டில் செத்தால் எழுப்ப ஆளில்லை. அங்கே சிஸ்வி இனிட்டின் அமைப்புக் கோப்பான இனிட்டேபில் ரீஸ்பான் (செத்தால் மறுபடி கிளப்பு) போடலாமா என்று அடுத்த வாரம் பார்க்கவேண்டும்.