லோகித் கரையில் மூன்று டீச்சர்கள்

அசாமின் திப்ருகரிலிருந்து தேஜு, தேஜுவிலிருந்து ஹயூலியாங், அப்புறம் வாலோங். வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். ஷேர் சுமோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தூரம் தெரிகிறது. ஒரு புறம் மலை, மறுபுறம் அதலபாதாளத்தில் லோகித் ஆறு. எங்கே மண் சரிந்திருக்கும் என்று டிரைவருக்கே தெரியாது. சரிந்திருந்தால் புல்டோசர் அள்ளி முடிக்கும் வரை இறங்கி நிற்க வேண்டியதுதான்.

இது அருணாசலப் பிரதேசத்தின் அஞ்சாவ் மாவட்டம். வடக்கே திபெத், கிழக்கே மியான்மர். வாலோங் என்றாலே 1962 இந்திய-சீனப் போர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நானும் அந்தப் போர் நினைவிடத்தைப் பார்க்கத்தான் கிளம்பினேன். பார்த்தேன், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வழியில் பார்த்த ஒரு பள்ளியைப் பற்றி.

சுமோவில் என் பக்கத்தில் இருந்தவர் மடியில் சார்ட் பேப்பர் சுருளும் ஒரு பை நிறைய மருந்தும் வைத்திருந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாசிகாட் பக்கத்து ஆதி இனப் பெண், உறைவிடப் பள்ளியில் டீச்சர். சாலை அடைத்துக்கொண்ட இடம் அவருடைய பள்ளிக்கு அருகிலேயே அமைந்துவிட்டது. “இது திறக்கச் சாயங்காலம் ஆகும், வாங்க, டீ குடிக்கலாம்” என்றார். தலைமை ஆசிரியையிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே அழைத்துப் போனார்.

கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா என்று 2004இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒன்று உண்டு. பக்கத்தில் பள்ளி இல்லாத ஊர்களின் பெண் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கானது. இதுவும் அந்த வகைதான். ஆற்றுக்கு அந்தப்புறம் தொங்குபாலம் தாண்டி, அதற்கு மேலும் மலையேறிப் போக வேண்டிய ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெரும்பாலும் மிஜு மிஷ்மி இனத்தவர்.

நான் பார்த்த டீச்சர்கள் மூன்று பேர். ஒருவர் ஆதி, ஒருவர் ஆலோ ஊர்ப்பக்கத்து காலோ இனத்தவர், மூன்றாமவர் மட்டும் இதே மாவட்டத்து மிஷ்மி. ஆதியும் காலோவும் ஓரளவு உறவுள்ள மொழிகள், மிஜு அவற்றிலிருந்து ரொம்ப தூரம். ஆகவே மூவரும் தங்களுக்குள் பேசுவது இந்தியில். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில். வீட்டை விட்டு முதன்முறை வந்து இரவில் அழுகிற குழந்தைக்கோ இந்த இரண்டுமே உதவாது. அப்போது மிஜு பேசும் சமையல்கார அக்காவைத்தான் எழுப்புவார்களாம். “ஆறாம் வகுப்புக்கு முதல் மூன்று மாதம் உண்மையான டீச்சர் அவங்கதான்” என்று காலோ டீச்சர் சிரித்தார். அந்த அக்காவின் சம்பளச் சீட்டில் இதற்கென்று ஒரு வரிகூட எழுதியிருக்கப்போவதில்லை.

கணக்கு வகுப்பில் கொஞ்ச நேரம் பின் பெஞ்சில் உட்கார விட்டார்கள். புத்தகத்துக் கணக்கில் ரயில் போய்க்கொண்டிருந்தது. இந்த மாநிலத்துக்குப் பயணிகள் ரயில் வந்ததே 2014இல், அதுவும் இங்கிருந்து வெகுதூரம் மேற்கே, நாகர்லகுனுக்கு. டீச்சர் ரயிலை விட்டுவிட்டு இங்கே விளைகிற பெரிய ஏலக்காய்க்கு வந்தார். இத்தனை கிலோ பச்சைக்காய், புகையில் காயவைத்தால் எவ்வளவு மிஞ்சும், வியாபாரி எவ்வளவு குறைத்துக் கேட்பார்? வகுப்பே பேரத்தில் இறங்கிவிட்டது. அறுவடை நாளில் இந்தப் பிள்ளைகளில் பலரை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்பதை டீச்சர் அப்புறம் சொன்னார். அந்தச் சமயத்தில் வகுப்பு பாதி காலியாம்.

ஏன் எல்லோரும் இவ்வளவு இளவயதுக்காரர்கள் என்று கேட்டேன். ஒப்பந்த வேலை என்பது ஒரு காரணம். கல்யாணம், குழந்தை என்று ஆனபின் இங்கே குடும்பம் நடத்த வசதி இல்லை என்பது இன்னொன்று. மூவருக்கும் சேர்த்து ஒரே அறை, குளியலறை வெளியே. குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், மின்சாரம் இருந்தால் உண்டு. இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் முடிவெடுப்பது இவர்கள்தான். இதையெல்லாம் தியாகம் என்று நாம் மெச்சுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் கேட்பது குளியலறைக்கு ஒரு தாழ்ப்பாளும் நேரத்துக்குச் சம்பளமும்.

எல்லை ஊர்கள் காலியாகக் கூடாது என்று 2023 ஏப்ரலில் இதே மாவட்டத்தின் கிபித்தூவில் துடிப்பான கிராமங்கள் திட்டத்தைத் தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் மிஷ்மி டீச்சர் சொன்ன கணக்கு வேறு: பிள்ளையைப் படிக்கவைக்கத் தேஜுவில் வாடகை வீடு பிடிக்கிற குடும்பம் அப்புறம் விடுமுறைக்குத்தான் ஊருக்கு வரும். சாலை நன்றாக இருந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்பிவிடும் என்றும் சேர்த்துக்கொண்டார். ஊர் நிற்க முதலில் தேவை பள்ளி என்பது அவர் வாதம். எனக்கும் அதுதான் சரியென்று தோன்றுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: அருணாசலத்துக்குள் நுழைய இன்னர் லைன் பர்மிட் என்ற நுழைவு அனுமதி கட்டாயம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தேஜுவில் சுமோ காலையிலேயே கிளம்பிவிடும், முந்தின நாளே இடம் சொல்லிவையுங்கள். வழியில் பள்ளி எதையாவது பார்த்தால் பிள்ளைகளைப் படமெடுக்கும் முன் தலைமை ஆசிரியையிடம் கேளுங்கள். ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் சாக்லேட் வேண்டாமாம். படம் போட்ட ஆங்கிலக் கதைப் புத்தகம், சானிட்டரி நாப்கின், சார்ஜ் செய்கிற டார்ச். அவர்கள் சொன்ன வரிசையில் நாப்கின்தான் முதலில்.