நொண்டி அடிக்கச் சொன்ன டாக்டர்

"வலி போயிடுச்சுக்கா."

2009-ல் ஒரு நாள் காலை தம்பி இப்படிச் சொன்னதும் எங்கள் வீட்டுக்கே உயிர் வந்தது. இரண்டு நாளாகச் சுருண்டு கிடந்தவன். முதலில் தொப்புளைச் சுற்றி வலி, அப்புறம் வாந்தி, மறுநாள் வலி வலது அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. வாயுப்பிடிப்பு என்று அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவன் எழுந்து இரண்டு இட்லி சாப்பிட்டதைப் பார்த்ததும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பிவிட்டாள்.

அதற்குள் உள்ளே வேறொன்று உடைந்திருந்தது: குடல்வால், அதாவது அப்பெண்டிக்ஸ்.

சாயங்காலம் குளிர் நடுக்கம், 103 டிகிரி காய்ச்சல். வலி திரும்பி வந்தது, இந்த முறை வயிறு முழுக்க. தொட்டால் பலகை மாதிரி இருந்தது. புரளக்கூட பயந்து, மூச்சை மேலோட்டமாக விட்டுக்கொண்டு மல்லாந்தே கிடந்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் உள்ளங்கையை வயிற்றின் மேல் ஒரு சுற்று சுற்றிக் காட்டினான். நடுவயிற்றில் நீளமாகத் திறந்து, சீழைக் கழுவி, குழாய் வைத்து, 11 நாள் ஆஸ்பத்திரி.

வலி ஏன் நின்றது என்று சர்ஜன் பிறகு சொன்னார். குடல்வாலின் வாய் அடைபட்டதும் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ரத்த ஓட்டம் நின்று சுவர் அழுகும். ஓட்டை விழுந்ததும் அழுத்தம் இறங்கும், வலியும் கொஞ்ச நேரம் இறங்கும். அப்புறம் சீழ் வயிற்றுக்குள் பரவும். எல்லோருக்கும் இந்த இடைவேளை கிடைப்பதில்லையாம். எங்களுக்குக் கிடைத்தது, நாங்கள் அதில் இட்லி போட்டோம்.

போன வருடம் என் மகனுக்குப் பத்து வயது. அதே தொப்புள் வலி. இந்த முறை ஓமம் டப்பாவை யாரும் தொடவில்லை, 12 மணி நேரத்துக்குள் கிளம்பிவிட்டோம். ஆட்டோ ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதும் என் கையை இறுக்கினான். டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான்: "வர்ற வழியில மேடு பள்ளத்துல வலிச்சுதா?" விளையாட்டுக் கேள்வி இல்லை. 2012-ல் பிரிட்டனில் இதை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்கு ஸ்பீடு பிரேக்கரில் வலி கூடியிருந்தது. வலித்தால் குடல்வால்தான் என்று ஆகாது, வேறு எதற்கும் வலிக்கலாம். வலிக்கவே இல்லை என்றால்தான் பெரும்பாலும் வேறு ஏதோ.

அப்புறம், "தம்பி, நொண்டி அடி பாப்போம்" என்றார். தெருவில் நொண்டியில் இவனை ஜெயிக்க ஆள் கிடையாது. ஒரு குதி, அவ்வளவுதான், மேசையைப் பிடித்துக்கொண்டான்.

எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு ஒரே ஒரு விரலை வைத்தான். மற்ற இடமெல்லாம் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. காய்ச்சல் 100. ஸ்கேனில் குடல்வால் 9 மில்லிமீட்டர் (6 வரை சாதாரணமாம்), சுற்றி நீர் இல்லை. வெள்ளை அணுக்கள் ஏறியிருந்தன, ஆனால் அது தம்பிக்கும்தான் ஏறியிருந்தது, அதை மட்டும் வைத்து உடைந்ததா இல்லையா என்று பிரிக்க முடியாது. "உடைஞ்ச மாதிரி தெரியல. ஆனா உள்ள போய்ப் பாத்தாத்தான் நிச்சயம்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

உடையவில்லை. வயிற்றில் மூன்று சின்னத் துளை போட்டு எடுத்தார்கள், மூன்றாம் நாள் வீடு. முதல் ஒரு நாளுக்குள் உடைவது குறைவாம், அதற்கு மேல் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். சின்னக் குழந்தைகள் பாவம், அதுகளுக்குச் சொல்லத் தெரியாது, அதனால் பலருக்கு உடைந்த பிறகுதான் தெரிய வருகிறது.

போன மாதம் ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு என் கணவருக்கு ராத்திரி முழுக்க வயிற்று வலி. காலையில் "சரியாயிடுச்சு" என்று காபி கேட்டார். எனக்கு அந்த வார்த்தை ஆகாது. வாசலில் நிறுத்தி நொண்டி அடிக்கச் சொன்னேன். எதிர்வீட்டு அம்மா கோலப்பொடியோடு வேடிக்கை பார்க்க, மனுஷன் முறைத்துக்கொண்டே பத்து தடவை நொண்டினார்.